வாம்ப்ளர் வெட்டு

டெல்மஸ் வாம்ப்ளரைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். திருடனுக்குக் கண்விழிக்கத் தெரிய வேண்டும், சுவரேறத் தெரிய வேண்டும். டெல்மஸுக்கு அதற்கெல்லாம் உடம்பு வணங்காது. வெறும் சோம்பேறி. பக்கத்தில் கிடந்ததை எடுத்தான், தன் பெயரை ஒட்டினான், யாரும் கேட்கவில்லை, செத்தும் போய்ச் சேர்ந்தான். இன்றைக்கு எங்கள் மலையூர் டாஸ் ஃபோர்க்கில் அவன் பெயரில் ஒரு பாலம் இருக்கிறது, வருஷா வருஷம் ஒரு விழா நடக்கிறது, விழாவில் ஒரு கிடார் போட்டி வேறு. பக்கத்தில் கிடந்தது என்று சொன்னேன் இல்லையா, அது ஒனீட்டா ரஸ்னிக் கட்டிய பாட்டு.

நான் ஜூவல். ஆளுயர டபுள் பாஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு ஒனீட்டாவின் பக்கத்தில் நின்றே கிழவியானவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். ஒனீட்டாவுக்குப் பேச்சு அவ்வளவாக வராது, அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேச வேண்டியிருந்தது என்பதை ஒருத்தரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். கரிச்சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் வாசலில் இருக்கும் பலகையில் தன் எண் அடித்த பித்தளை வில்லையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். மேலே வந்ததும் கழற்றிக்கொள்வான். வில்லை பலகையில் தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஒனீட்டாவின் அப்பாவுடைய வில்லை ஒரு வாரம் தொங்கியது. அப்புறம் கம்பெனி ஆளே அதைக் கழற்றி எடுத்துவந்து அவள் அம்மா கையில் வைத்துவிட்டுப் போனான். பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் ஒனீட்டா அதைப் பாட்டாகக் கட்டினாள்.

*எல்லார் வில்லையும் எடுத்தாச்சு,*
*எங்கப்பா வில்லை தொங்குதே.*
*எண்ணிப் பார்க்கத் தெரியாதா?*
*எவன்டா கணக்குப் பிள்ளையே?*

அழுகைப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கோபப் பாட்டு. கால் தானாகத் தரையைத் தட்டும், அந்த வேகம். டெல்மஸின் அப்பா செருப்புக்கடைக்காரர். அந்த மனுஷன் ஆயுசில் இறங்கிய ஆழம் கடைக்குக் கீழே இருந்த நிலவறைதான். அவர் பெற்ற பிள்ளை இந்தப் பாட்டைக் கட்டினான் என்று சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. ஆனால் எங்கள் ஊரில் அதை மறைத்தார்கள், தின்றார்கள், ஏப்பமும் விட்டார்கள்.

நாஷ்வில் நகரத்தில் இசைத்தட்டுப் பதிவு நடந்தபோது நானும் இருந்தேன். பாடியது டெல்மஸ், குழுவும் அவன் பெயரில்தான். கிடார் அவன் தோளில் தொங்கியது, அட்டைப் படத்துக்காக. வாசித்தது ஒனீட்டா. பாட்டின் நடுவில் குரல் நின்று கிடார் மட்டும் தனியாகப் பாய்ந்து ஓடுகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஓட்டம் முடிகிற நேரத்தில் அவளுடைய மூன்றாவது கம்பி பட்டென்று அறுந்தது. கை தாளத்தில் ஒரு தட்டை விழுங்கிவிட்டு அடுத்த தட்டுக்குத் தாவியது. நானும் பின்னாலேயே தாவினேன். பாஸ் வாசிக்கிறவளுக்கு வேறென்ன வேலை?

“இன்னொரு தடவை எடுத்துடலாம். கம்பி அறுந்துபோச்சு” என்றாள் ஒனீட்டா.

டெல்மஸ் வயிற்றைத் தடவிக்கொண்டான். “அட, யாரு கவனிக்கப் போறா? வாங்க, சாப்பாடு ஆறிடும்.”

அட்டையில் ‘பாட்டு, கிடார்: டெல்மஸ் வாம்ப்ளர்’ என்று அச்சாகி வந்தது. ஒனீட்டா போய்க் கேட்டாள். “குழுத் தலைவர் பேருதாம்மா போடுறது வழக்கம். அடுத்த தட்டுல பாத்துக்கலாம்” என்றான் இசைத்தட்டுக் கம்பெனிக்காரன். அடுத்த தட்டில் அவளே இல்லை. கேள்வி கேட்கிற பெண்பிள்ளையைக் குழுவின் வேனில் ஏற்றினால் தலைவலி என்று டெல்மஸ் வேறு கிடார்க்காரனைப் பிடித்துக்கொண்டான். நானும் இறங்கிவிட்டேன்.

அந்த இசைத்தட்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கிடார் கற்றுக்கொள்கிற பிள்ளைகளெல்லாம் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து அந்த ஓட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள், விழுங்கிய தாளத்தட்டையும் சேர்த்து. அந்த விழுங்கலுக்கு ‘வாம்ப்ளர் வெட்டு’ என்று பெயரும் வைத்தார்கள். பலகைமேல் நின்று பாதம் தட்டி ஆடுகிறவர்கள்கூட அந்த இடத்தில் ஒரு அடியை முழுங்கிவிட்டு அடுத்த காலை எடுத்துவைக்கப் பழகிவிட்டார்கள். ஒரு தடவை விழாவில் குடுமி போட்ட ஒருத்தன் என்னிடம் வந்து, “அந்த வெட்டு எதுக்குத் தெரியுமா? சுரங்கத்துக்குள்ள மூச்சு நின்னுபோறதைக் காட்டுறாரு” என்று கண் கலங்கினான். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள்.

“மூச்சும் நிக்கலை, ஒண்ணும் நிக்கலை. சாப்பாடு ஆறிப்போச்சு தம்பி, அதைக் காட்டுறாரு” என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஒனீட்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். காலையில் முதல் பிள்ளை ஏறுகிற வரைக்கும் பஸ் காலியாக இருக்கும். மலை வளைவுகளில் அதை ஏற்றி இறக்கிக்கொண்டே பாட்டுக் கட்டுவாள். தாளில் ஒரு வரி எழுதமாட்டாள். “மறுநாள் ஞாபகம் இருந்தா பாட்டு. இல்லேன்னா அது வெறும் பேச்சு” என்பாள். அப்படியே நூற்றுக்கு மேல் கட்டியிருக்கிறாள். சாராயக்கடையில் பாடினோம், சவ அடக்கத்தில் பாடினோம், வேலைநிறுத்தக் கூடாரத்தில் போலீஸ்காரர்களைப் பார்த்துப் பாடினோம். கேசட் போட்டுக் காரின் பின்பக்கம் வைத்து விற்றோம். அதையெல்லாம் வாங்கியவர்களை எண்ணக் கைவிரல்களே போதும். இருந்தாலும் அவள் நிறுத்தவில்லை. வில்லைப் பாட்டை மட்டும் அவள் மேடையில் பாடுவதை விட்டிருந்தாள். பாடினால், “டெல்மஸ் பாட்டை நல்லாத்தான் பாடுறீங்க” என்று யாராவது வந்து தோளைத் தட்டுவார்கள். அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

போன வருஷம் விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. வில்லைப் பாட்டை எங்கள் மாவட்டத்தின் பாட்டாக அறிவிக்கப் போகிறார்களாம். ‘இயற்றியவர் டெல்மஸ் வாம்ப்ளர்’ என்று வெண்கலத் தகட்டில் பொறித்து நீதிமன்ற வாசலில் பதிக்கப் போகிறார்களாம். மாலையில் விழா மேடையிலிருந்து ரேடியோவில் நேரலை. கிடார் போட்டியில் ஜெயிக்கிறவர் அந்த மேடையில் பாட்டை வாசித்து, இரண்டு வார்த்தை பேசலாம்.

ஒனீட்டா பஸ்ஸை நேராக என் வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல வேளை, உள்ளே பிள்ளைகள் இல்லை.

“போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன்” என்றாள்.

“ஏன்டி, உனக்கென்ன பைத்தியமா? அவன் பேருல நடக்கற போட்டியிலயா?”

“பேப்பர்ல இருந்தவரைக்கும் பொறுத்துக்கிட்டேன் ஜூவல். வெண்கலத்துல அடிச்சுட்டா அப்புறம் எங்கப்பா செத்ததும் அவன் கணக்குலதான்.”

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே கிடையாது. பாஸுக்குப் புதுக் கம்பி மாட்டப் போய்விட்டேன்.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர்கள் மேடையைப் பார்க்கக் கூடாது. மேடைக்குப் பின்னால் ஒரு கூண்டுவண்டியை நிறுத்தி, ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். வாசிக்கிறவர் ஆணா பெண்ணா, மச்சானா மாமனா, ஒன்றும் தெரியாது. வெறும் எண்தான். நியாயமான ஏற்பாடு என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் வாசிக்க வேண்டிய பாட்டு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் காதைக் கடித்தேன். “இங்க பாரு. இந்த ஒரே ஒரு தடவை, அந்த எழவு வெட்டைத் தட்டுல இருக்கற மாதிரியே வெட்டித் தொலைச்சுடு. ஜெயிச்சுடுவ. சாயங்காலம் மைக் முன்னாடி நின்னு உண்மையைப் போட்டு உடை. யாரு தடுக்கப் போறா?”

“மாட்டேன்.”

“பிடிவாதம் பிடிக்கற நேரமாடி இது?”

“தப்பை வாசிச்சு ஜெயிச்சா, அது அவன் பாட்டுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. கட்டினது கட்டினபடி வாசிப்பேன்.”

“அப்ப தோத்துருவ.”

“தோக்கறேன்.”

வாசித்தாள். என்னத்தைச் சொல்ல! பஸ் ஓட்டி ஓட்டிக் காய்த்துப்போன அந்தக் கை கம்பிமேல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கு முதுகு சிலிர்த்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவளுக்கே சிலிர்த்தது. வெட்டு வருகிற இடத்தில் வெட்டாமல், அந்தத் தாளத்தட்டையும் முழுசாகக் கொடுத்து, நேராக இறங்கி வந்தாள். முன்வரிசையில் யாரோ “ப்ச்” என்று சூள் கொட்டினார்கள்.

முடிவை அறிவித்தது ஹோபர்ட். எங்கள் மலையில் பிறந்த எல்லோரும் தொட்டிலிலிருந்தே கேட்ட ரேடியோக் குரல் அவனுடையது. நடுவர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் சொல்லியனுப்பியதை ஒலிபெருக்கியில் படித்துக்கொண்டே வந்தான். ஜெயித்தது ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர். நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒனீட்டாவின் எண் வந்தபோது ஹோபர்ட் தொண்டையைக் கனைத்தான்.

“பதினேழாம் எண். கை நல்ல கை. ஆனா வாம்ப்ளர் பாணியை அப்படியே காப்பியடிக்கறாப்புல இருக்கு. சொந்தமா ஒண்ணும் இல்லை. முக்கியமான வெட்டும் இன்னும் பிடிபடலை. தட்டைப் போட்டு நல்லாக் கேக்கவும்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளையே அவள் காப்பியடிக்கிறாளாம், அதுவும் சரியாக அடிக்கவில்லையாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து உதைத்தது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒனீட்டாவைக் காணோம்.

கூண்டுவண்டிக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. கிடாரை முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவன் தாடி வைத்த ஒரு நடுவர். கையில் பாதி தின்ற சாண்ட்விச்.

“என்னங்க, என்ன வேணும்?”

“பதினேழு நான்தான்.”

“ஓ! நல்லா வாசிச்சீங்க சகோதரி. அந்த வெட்டு மட்டும்தான் கொஞ்சம்... தட்டைக் கேட்டுப் பழகுங்க, வந்துடும்.”

“அந்தத் தட்டுல இருக்கறது என் கை.”

அவன் சிரித்தான். கேலியாகக்கூட இல்லை, பரிதாபமாக. “வருஷத்துக்கு ஒருத்தராவது வந்து இப்படிச் சொல்லிடறாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனான்.

அதற்கு மேல் எனக்கு வாயை அடக்க முடியவில்லை. “ஏன்யா, கம்பளியைப் போட்டு ஜன்னலை மூடினீங்க சரி, காதையுமா மூடினீங்க? அசலை வாசிச்சா காப்பிங்கற, காப்பியை வாசிச்சா பரிசு குடுக்கற! உன்னை நடுவரா வெச்சவனைச் சொல்லணும்!” என்று நான் போட்ட சத்தத்தில் எண்ணெயில் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தவன்கூடக் கரண்டியோடு வந்துவிட்டான். ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். கூட்டம் கூடினால் எங்கிருந்தாலும் வந்துவிடுகிறவன் ஒருத்தன் உண்டு. வந்தான்.

லேன் வாம்ப்ளர். டெல்மஸின் மகன். கார் ஷோரூம் வைத்திருக்கிறான், ஹோபர்ட்டின் நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்கிறவனும் அவன்தான். சின்னப் பிள்ளையில் ஒனீட்டா மடியில் உட்கார்ந்து சோளரொட்டி தின்றவன்.

“ஒனீட்டா அத்தை! என்ன அத்தை இது, வெயில்ல நின்னுக்கிட்டு? உங்க வயசுக்கு இது ஆகுமா?” என்று தோளில் கையைப் போட்டான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். “வாங்க, சாயங்காலம் நீங்களும் எங்ககூட மேடையில நின்னு வாசிங்க. அப்பாவோட பழைய குழுவுல இருந்தவங்கன்னு நானே சொல்றேன். மனசு நிறைஞ்சு போகும் எனக்கு.”

“பாட்டு யாருதுன்னு சொல்லுவியா?” என்றாள் ஒனீட்டா.

அவன் குரலைத் தாழ்த்தினான். “அத்தை, தகடு வார்த்தாச்சு. வெண்கலத்தை அழிச்சு எழுத முடியுமா? ஊர் முழுக்க சந்தோஷமா இருக்கற நாள். விட்டுக்குடுங்க.”

“சரி, வர்றேன். ஜூவலும் வருவா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் போனதும் பிடித்துக்கொண்டேன். “சூடு சொரணை இருக்காடி உனக்கு? அவன் அப்பனுக்குப் பக்கவாத்தியம் வாசிச்சது போதாதா, மகனுக்கும் வாசிக்கணுமா?”

“மைக் அங்கதானே இருக்கு” என்றாள் அவள்.

சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்தார்கள். மேடைக்குக் கீழே ஆட்டப் பலகை விரித்திருந்தது, அதன்மேல் கிழவரும் குமரியுமாக ஆட்டக்காரர்கள் தயாராக நின்றார்கள். பின்னால் கண்ணுக்கு எட்டின மட்டும் மடக்கு நாற்காலிகள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தகட்டை மேடை ஓரத்தில் வைத்துச் சிவப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். லேன் தன் அப்பாவைப் பற்றிப் பேசினான். சுரங்கத் தொழிலாளியின் வேதனையைத் தன் நெஞ்சில் சுமந்த கலைஞனாம். செருப்புக்கடைக்காரர் மகன்! நான் பாஸின் கழுத்தை நெரித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், “அப்பா குழுவுல கொஞ்ச நாள் கூடமாட இருந்த ஒனீட்டா அத்தையும் வந்திருக்காங்க” என்றான். கை தட்டினார்கள். கூடமாட இருந்தாளாம், பாத்திரம் கழுவ வந்தவள் மாதிரி.

ஹோபர்ட் மைக்கில், “இதோ, டெல்மஸ் வாம்ப்ளர் இயற்றிய நம்ம மாவட்டத்துப் பாட்டு” என்றான். பல் டாக்டரையும், பாஞ்சோவும் பிடிலும் வாசிக்கிற இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தோம்.

முதல் சுற்று நன்றாகவே போனது. பலகை அதிர்ந்தது. கிடார் ஓட வேண்டிய இடம் வந்ததும் பல் டாக்டர் பவ்யமாக ஒனீட்டாவைப் பார்த்துத் தலையசைத்தான். வயதுக்கு மரியாதை. அவள் எடுத்தாள். ஓடினாள். வெட்டு வந்தது. மேடையில் பாஞ்சோ வெட்டியது, பிடில் வெட்டியது, பல் டாக்டர் வெட்டினான். ஒனீட்டா வெட்டவில்லை. நானும் வெட்டவில்லை.

அடேயப்பா! பாத்திரக்கடை அலமாரி சாய்ந்த மாதிரி ஒரு சத்தம். பாஞ்சோ ஒரு பக்கம், பிடில் ஒரு பக்கம். கீழே பலகையில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அடியை முழுங்கினார்கள், பாதிப்பேர் பாஸைக் கேட்டு முழுங்காமல் விட்டார்கள். ஒருத்தர் கால்மேல் ஒருத்தர் மிதித்து, பீப்பாய் மாதிரி ஒரு ஆள் பக்கத்து அம்மாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். பாட்டு நின்றுபோனது.

லேன் மைக்கைப் பிடித்தான். “பரவாயில்லை, பரவாயில்லை! அத்தைக்கு வயசாச்சு, வெட்டு மறந்துபோச்சு. அன்பாக் கை தட்டுங்க, மறுபடி எடுப்போம்.”

ஜனங்கள் தட்டினார்கள். கிழவி பாவம் என்கிற கைதட்டல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவமானத்தில். அப்போதுதான் ஒனீட்டா நடந்து வந்து அவன் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“மறக்கலை. அந்த இடத்துல வெட்டே கிடையாது. தட்டு எடுத்த அன்னைக்கு என் கம்பி அறுந்துபோச்சு. இன்னொரு தடவை எடுக்கலாம்னு கேட்டேன். சாப்பாடு ஆறிடும்னு டெல்மஸ் சொல்லிட்டாரு. நீங்க இத்தனை வருஷமா ஆடிக்கிட்டிருக்கறது அறுந்துபோன கம்பிக்கு.”

எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. “ஆதாரம் என்னம்மா?” என்று யாரோ ஒருத்தன் கத்தினான்.

“ஆதாரம் இல்லை. நான் எதையும் எழுதி வைக்கறதில்லை. மறுபடி வாசிக்கணும்னா வாசிக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி யார் கட்டின பாட்டுன்னு ஹோபர்ட் சொல்லணும்.”

சொல்லிவிட்டுக் கையைக் கம்பியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். அடுத்து ஒரு வார்த்தை இல்லை.

பேசாமல் இருப்பதில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. ரேடியோவுக்கோ அது விஷம். நேரலையில் சத்தம் நின்றால் சமையலறையிலும் காரிலும் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று தட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். ஹோபர்ட்டுக்கு முகம் வெளுத்தது. கோழித்தீவன விளம்பரத்தைச் சொன்னான். டயர்க்கடை விளம்பரத்தைச் சொன்னான். நாளைக்கு மழை வரலாம் என்றான். அன்றைக்கு இறந்துபோனவர்களின் பெயர்களைப் படித்தான். சர்ச்சில் விருந்து என்றான். எல்லாம் தீர்ந்துபோய், மறுபடி கோழித்தீவனத்துக்கு வந்தான்.

லேன் பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் பக்கம் கையை ஆட்டினான். “அவங்க இல்லாமலே எடுங்க! ம், ஆரம்பிங்க!”

நான் உள்ளங்கையை விரித்து நான்கு கம்பிகளையும் அமுக்கிக்கொண்டேன். பாஸ் இல்லாமல் பாஞ்சோக்காரன் ரெண்டு தட்டுத் தட்டினான். சந்தையில் தாயைத் தொலைத்த பிள்ளை மாதிரி விழித்துவிட்டு நிறுத்திவிட்டான். லேன் பல் டாக்டரைப் பார்த்தான். “நீங்கதானே ஜெயிச்சவரு? வாசிங்க!”

பல் டாக்டர் கிடாரைக் கழற்றித் தரையில் வைத்தான். “மன்னிக்கணும். இவங்க கையைக் கேட்டுத்தான் நான் இத்தனை வருஷமா கத்துக்கிட்டிருக்கேன் போலிருக்கு. இவங்க முன்னாடி நான் வாசிக்கமாட்டேன்.”

பலகையிலிருந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் கத்தினாள். “ஏ ஹோபர்ட்! பேரைச் சொல்லித் தொலையேன்டா, எங்களுக்குக் கால் மரத்துப்போகுது!”

ஒனீட்டா மைக் இல்லாமலேதான் பேசினாள். ஆனால் ஹோபர்ட் கையில் இருந்த மைக் அவள் பேசியதையும் பிடித்துக்கொண்டது. “ஹோபர்ட், தட்டு வர்றதுக்கு முந்தின வருஷம் உன் நிலையத்துக்கு வந்தேனே, விவசாயச் செய்தி முடிஞ்சதும் இதே பாட்டைப் பாடினேனே. அன்னைக்கு யார் பாட்டுன்னு அறிவிச்ச? அதையே சொல்லு. புதுசா ஒண்ணும் கேக்கலை.”

இது எனக்கே தெரியாத சேதி. நான் ஹோபர்ட்டைப் பார்த்தேன். அவன் லேனைப் பார்த்தான். லேனின் முகத்தில் கார் விளம்பரம் முழுக்க எழுதியிருந்தது. அப்புறம் ஹோபர்ட் கீழே நின்ற ஆட்டக்காரர்களைப் பார்த்தான். அவர்களில் பாதிப்பேர் சுரங்கத்தில் இறங்கியவர்கள். ஒருத்தரும் காலை அசைக்கவில்லை. எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஹோபர்ட் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “பாட்டு... பாட்டைக் கட்டினது ஒனீட்டா ரஸ்னிக்” என்றான், யாருக்கோ ரகசியம் சொல்வது போல.

“கேக்கலை” என்றாள் ஒனீட்டா.

“கேக்கலைடா!” என்றது பலகை.

ஹோபர்ட் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டான். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கிற தன் பழைய குரலை எடுத்தான். “அன்பர்களே, அடுத்து நீங்க கேக்கப் போறது ‘பலகையில் தொங்கும் வில்லை’. பாட்டைக் கட்டினவங்க, கிடார் வாசிக்கறவங்க, டாஸ் ஃபோர்க் ஒனீட்டா ரஸ்னிக். இதை நான் எப்பவோ சொல்லியிருக்கணும்.”

லேன் மேடையை விட்டு இறங்கிப் போனான். தகட்டுமேல் இருந்த சிவப்புத் துணியை யாரும் எடுக்கவில்லை. ஒனீட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள், கண் சிவந்திருந்தது. எடுத்தாள். வெட்டு வருகிற இடத்தில் பழக்கதோஷத்தில் பாதிப்பேர் மறுபடியும் தடுக்கி விழுந்தார்கள். விழுந்தால் விழட்டும், எழுந்து கற்றுக்கொள்ளட்டும் என்று நான் பாஸை இன்னும் பலமாக அடித்தேன்.